இடது பக்கப் பெட்டி

“தலகாணிக்குள்ள என்ன அடைச்சிருக்கீங்க? பஞ்சா, இறகா?”

போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சமையல் மேடை முன்னால் நின்றபடியே கேட்கிறாள் மெஷினக்கா. கேட்கும்போதும் கைகள் சும்மா இல்லை. மேடைமேல் ஒரு தட்டு நிறையக் காய்ந்த பட்டாணி. நல்லது வலது கிண்ணத்துக்கு, சொத்தை இடது கிண்ணத்துக்கு. பட்டாணியை அவள் பார்க்கிறாளா என்பதே சந்தேகம். விரல்கள்தாம் பார்க்கின்றன. எதிர்முனையில் விடுதிக்கார அம்மா யோசித்து முடிப்பதற்குள் அரைத் தட்டு காலி.

“இறகா இருந்தா என்னம்மா? மெத்துனு இருக்குமே.”

“யாரோட இறகு?”

பிறந்ததிலிருந்து அந்த அம்மாவை யாரும் இப்படியொரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

“சரி, அத விடுங்க. சூப்புல வெண்ணெய் போடுவீங்களா?”

“போட மாட்டோம்மா. கடைசில மேல ஒரு துளி மட்டும். வாசனைக்கு.”

“அந்த ஒரு துளி வேண்டாம்.”

“ஏம்மா, உடம்புக்கு ஒத்துக்காதா?”

“மனசுக்கு ஒத்துக்காது.”

“அதுக்கெல்லாம் இப்ப நல்ல டாக்டருங்க இருக்காங்கம்மா…”

போனை வைத்த வேகத்தில் கிண்ணம் குதித்தது. பட்டாணி நான்கு தரையில் ஓடியது. அக்கா கோடு போட்ட நோட்டை இழுத்து, பென்சிலை அழுத்தி எழுதினாள்: “மலையடி விடுதி. தலையணையில் இறகு. சூப்பில் துளி. வாயில் கொழுப்பு.”

அந்த நோட்டுக்கு ‘பயணம்’ என்று தலைப்பு. ஊரிலிருந்து நான்கு மணி நேர ரயில் தூரத்தில், பண்ணை விலங்குகளுக்கென்று ஒரு காப்பகம் இருக்கிறது. கறவை வற்றிய மாடுகள், கால் போன ஆடுகள், கொழுக்க வைக்கப்பட்டுக் கடைசி நேரத்தில் தப்பிய பன்றிகள் எல்லாம் சாகும்வரை அங்கே நிம்மதியாக இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் பார்வையாளர்களை விடுவார்கள். வெள்ளிக்கிழமை போய்த் தங்கி, சனிக்கிழமை பார்த்துவிட்டு, ஞாயிறு திரும்பலாம். இவ்வளவுதான் திட்டம். இதற்கு நோட்டில் நாற்பத்தோரு பக்கம் ஆகியிருந்தது.

பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் தொடாத ஒருத்திக்குப் பயணம் என்பது கண்ணிவெடி வைத்த வயல்தான், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அக்காவின் நோட்டைப் படித்தால் அது வேறு மாதிரி இருக்கும். “நீலக் கதவு விடுதி: வெண்ணெய். கேட்டால் பொய் வேறு.” “ஏரிக்கரை விடுதி: தேன் சைவம்தானே என்கிறான். தேனீயிடம் கேட்டானா?” “ரயிலடி விடுதி: எல்லாம் சரி. சோப்பில் மாட்டுக் கொழுப்பு (தெரியவில்லை. சந்தேகம்).” “தனி வீடு, சொந்தச் சமையல்: மிகவும் சரி. சோபா தோல்.”

மேடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, பால் இல்லாத காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார் அவளுடைய கணவர். லிப்ட் பழுது பார்ப்பவர். கறுத்த விரல் நுனிகளும், எதற்கும் அவசரப்படாத குரலும் உள்ள மனிதர்.

“இன்னும் வாசப்படி தாண்டல. அதுக்குள்ள ஒம்பது விடுதியோட சண்டை.”

“சண்டையா? கேட்டேன். கேக்கறது தப்பா?”

“மெஷினு, நாம போறது ரெண்டு நாளு. குடியேறப் போகல. தலகாணி வேண்டாம்னா துண்டச் சுருட்டி வெச்சுக்க.”

“உங்களுக்கு எல்லாம் கிண்டல்.”

“கிண்டல் இல்ல. லிப்டு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? இருக்கற பட்டன் எல்லாத்தையும் அமுக்குவாங்க. ஒண்ணும் நகராது. ஆனா அமுக்கிக்கிட்டே இருப்பாங்க.”

அக்கா நோட்டை மூடினாள். குனிந்து, தரையில் ஓடிய நான்கு பட்டாணியையும் பொறுக்கினாள். மூன்று வலது, ஒன்று இடது.

*

‘மெஷின்’ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பொரிப்பகத்தில் வைத்தது.

ஆயிரக்கணக்கில் முட்டைகளைச் சூட்டில் அடுக்கி வைத்துக் கோழிக்குஞ்சுகளாக்கி, முட்டைப் பண்ணைகளுக்கு அனுப்பும் இடம் அது. பண்ணைக்குப் பெட்டைகள் மட்டுமே வேண்டும். சேவல் முட்டையிடாது, அந்த இனத்துச் சேவலில் கறியும் கிடையாது. எனவே பொரித்த முதல் நாளே பிரித்தாக வேண்டும். ஒரு நாள் குஞ்சில் சேவலையும் பெட்டையையும் வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. இடது உள்ளங்கையில் குஞ்சைக் கவிழ்த்து, கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, வலது கட்டைவிரலால் பின்புறம் மெல்ல அழுத்தினால், கடுகைவிடச் சின்னதாக ஒரு மேடு தெரியும். அல்லது தெரியாது. தெரிந்தால் சேவல், இடது பெட்டி. தெரியாவிட்டால் பெட்டை, வலது பெட்டி.

இந்த வேலையைத்தான் அக்கா பத்தொன்பது வருஷம் செய்தாள். கண்ணைக் கூச வைக்கும் விளக்குக்கு அடியில், உயர்ந்த மேஜை முன்னால், நின்றுகொண்டே. ஒரு குஞ்சுக்கு நான்கு வினாடிகூட ஆகாது. ஒரு நாளைக்கு எட்டாயிரம். புதிதாக வந்தவர்கள் இருபதில் ஒன்றைத் தவறவிடுவார்கள். அனுபவசாலிகள் நூற்றில் ஒன்று. அக்கா அனுப்பிய பெட்டிகளைப் பற்றி வருஷக்கணக்கில் ஒரு புகார்கூட வந்ததில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் பிரித்தவரின் எண்ணைக் குத்தி, அவர் கையெழுத்தும் வாங்குவார்கள். அவளுடையது பதினாலு. “பதினாலாம் நம்பர் பெட்டியா? திறந்தே பார்க்க வேண்டாம்” என்பார்களாம் பண்ணைக்காரர்கள். மெஷின் என்றால் அது மரியாதை. அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

வலது பெட்டி வண்டியில் ஏறும். இடது பெட்டி பின்கட்டுக்குப் போகும். பின்கட்டில் என்ன நடக்கும் என்று யாரும் பேசுவதில்லை. ஒரு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். சாயங்காலத்துக்குள் பெட்டிகள் கழுவி வெயிலில் காயும்.

அந்த வருஷங்கள் அவள் உடம்பை விட்டுப் போகவில்லை. வலது கட்டைவிரல் நகத்தை இன்றும் சதையோடு சேர்த்து வெட்டுகிறாள். சமையலறையில் ஊரையே எழுப்பும் வெளிச்சத்தில் ஒரு பல்பு. மங்கலாக இருந்தால் தலைவலி வருகிறதாம். இப்போது நீராவிச் சலவை நிலையத்தில் வேலை. அழுக்குத் துணி மலை அவள் முன்னால் வந்தால் வெள்ளை ஒரு பக்கம், கறை ஒரு பக்கம் என்று பத்து நிமிஷத்தில் சமவெளியாகிவிடும். வேலையோ சாப்பாடோ போனோ, எல்லாம் நின்றபடிதான். முக்காலி போட்டால் அதன்மேல் பையை வைப்பாள்.

கோபமும் கூடவே வந்தது. அல்லது அதற்குப் பிறகு வந்தது. கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, எறும்பு எழுத்தில் அச்சிட்டதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, “பால் பவுடர இப்படி ஒளிச்சு வெச்சு விக்கிறதுக்குத் திருடலாமே” என்று கல்லாவில் இருப்பவரிடம் எகிறுவாள். அவர் பிஸ்கட் செய்தவர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சலவை நிலையத்தில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக்கை நீட்டினாள்.

“முட்டை இருக்கா?”

“கேக்குனா முட்டை இருக்கும்தானேக்கா.”

“அந்த முட்டைக்குப் பின்னால என்ன இருக்குனு தெரியுமா உனக்கு?”

“இன்னொரு நாளைக்குத் தெரிஞ்சுக்கறேங்க்கா. இன்னைக்குப் பொறந்த நாளு.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், அன்று மதியம் எட்டு மூட்டைத் துணியை ஒற்றை ஆளாகப் பிரித்துப் போட்டாள்.

*

பதினாலாம் எண்ணின் மேல் ஒரே ஒரு புகார் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால்.

ஒரு முட்டைப் பண்ணையிலிருந்து சீட்டு. “உங்கள் பெட்டியில் வந்த பெட்டை ஒன்று நேற்றுக் காலை கூவியது.” பொரிப்பகமே சிரித்தது. மேற்பார்வையாளர் சீட்டை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். அந்த மேற்பார்வையாளர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டு, அழுத்தம் எவ்வளவு, விரல் எந்தக் கோணம் என்று கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

“எந்தக் கழுதையோ என் முத்திரைய எடுத்துக் குத்தியிருக்கு” என்று கத்திவிட்டு, விடுமுறை நாளில் அந்தப் பண்ணைக்கே போனாள் அக்கா. பெட்டியைக் காட்டச் சொல்லி, முத்திரையைச் சரிபார்த்து, குற்றத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டு வருவதுதான் திட்டம். பெட்டியைக் காட்டினார்கள். அவளுடைய முத்திரைதான். அவளுடைய கையெழுத்துதான்.

பிறகு சேவலைக் காட்டினார்கள். நான்காயிரம் பெட்டைகளுக்கு நடுவில், கொண்டையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரன் மாதிரி நின்றது. பண்ணைக்காரர், “மத்தியானம் கழுத்தத் திருகிடுவோம். கவலப்படாதீங்க” என்றார், ஆறுதல் சொல்வதுபோல.

அவள் ஒரு காய்கறிக் கூடையைக் கேட்டு வாங்கி, சேவலை அதில் வைத்துத் துண்டால் மூடி, பஸ்ஸில் ஏறினாள். அடுக்குமாடியின் மூன்றாவது மாடிப் பால்கனியில் பதினொரு நாள் இருந்தது. தினமும் விடிவதற்கு முன்னால் கூவி எழுப்பியதில் நான்கு மாடியும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தன. பன்னிரண்டாம் நாள் காப்பகத்து வண்டி வந்து எடுத்துப் போனது. “பேரு என்னங்க?” என்று கேட்டார்கள். “பதினாலு” என்றாள். அதே பெயர் நிலைத்துவிட்டது. அந்த மாதமே வேலையை விட்டாள். முதலில் முட்டை போனது, பிறகு கறி, பிறகு பால், பிறகு தேன். கோபம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

காப்பகத்திலிருந்து வருஷா வருஷம் ஒரு படம் வரும். பதினாலு வேலிமேல் நிற்கும். பதினாலு ஒரு கிழட்டு ஆட்டின் முதுகில் நிற்கும். அக்கா அந்தப் படத்தைக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டுவாள், போகிறேன் என்பாள், நோட்டை எடுப்பாள். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. ஒரு வருஷம் வெண்ணெயால் போகவில்லை. ஒரு வருஷம் தேனால். ஒரு வருஷம் ரயில் பெட்டியின் இருக்கை தோலா ரெக்ஸினா என்று ரயில்வே அலுவலகம் பதில் போடாததால்.

இந்த வருஷம் படம் வரவில்லை. கடிதம் வந்தது. காப்பகத்தை நடத்தும் அம்மா, முன்னாள் நர்ஸ், தன் கையால் எழுதியிருந்தார். பதினாலுக்குக் கால் வீங்கியிருக்கிறது, தீனி சரியாக எடுப்பதில்லை, வயதும் ஆகிவிட்டது. “வருவதாக இருந்தால் இந்த மாதமே வாருங்கள். அடுத்த மாதத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.”

முதல் சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் முதல் நாள் காலைதான் மலையடி விடுதித் தலையணைச் சண்டை.

*

அன்றே அண்ணன் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, தங்கை வீட்டுக் காபியில் பால் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டு போவது அவர் வழக்கம். கையில் எப்போதும் ஒரு பழப் பை. குளிர்பதனப் பெட்டிமேல் இருந்த கடிதத்தைப் படித்தார்.

“இதுக்காகவா ரெண்டு நாள் லீவு போடற?”

“ஆமா.”

“மாப்ள, நீங்களுமா?”

“நான் பெட்டி தூக்கறதுக்கு மச்சான்” என்றார் கணவர். பிறகு, சூடு தெரிந்து, காபியோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்.

அண்ணன் பழப் பையைக் கீழே வைத்தார். “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. தெரிஞ்சு போட்டியா, தெரியாம போட்டியா?”

ஆறு வருஷமாக யார் கேட்டாலும் அக்கா வெடிக்கும் கேள்வி அது. கணவர் ஒரே ஒரு முறை கேட்டு, மூன்று நாள் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

“உனக்கெதுக்கு அது?”

“எனக்கு எதுக்கா? நான் இன்னும் அங்கதான் நிக்கிறேன். மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துல, ‘உங்க தங்கச்சி நம்ம பொழப்பக் கொலைங்கறாங்களாமே’னு கேக்கறாங்க. நான் பதில் சொல்லணும். நீ முட்டை வேண்டாம்ன, தேன் வேண்டாம்ன, செருப்பு துணில வாங்கின. நான் ஏதாவது சொன்னனா? ஆனா மனசுல ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் இடது பக்கம் போட்டவ நீ. பத்தொம்பது வருஷம். ஒண்ணே ஒண்ணு வலது பக்கம் விழுந்துச்சு. அதப் போயிப் பாத்துட்டு வந்தா மத்ததெல்லாம் சரியாயிடுமா?”

“வெளிய போ.”

“நான் கேக்கறது…”

“அண்ணா, வெளிய போன்னு சொல்றேன். என் கையப் புடிச்சு, ‘இப்படி அமுக்கு, பயப்படாத, அதுக்கு வலிக்காது’னு சொன்னது யாரு? எனக்கு அப்ப இருவத்தி நாலு வயசு. முதல் நாள் நான் வாந்தி எடுத்தேன். ‘பழகிடும்’ன. பழகிடுச்சு. உன் மேல எனக்குக் கோவமே அதுதான். பழகிடுச்சு!”

கடைசி வார்த்தையில் குரல் கிழிந்தது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அண்ணன் எழுந்து, செருப்பை மாட்டும்போது இடது காலில் வலது செருப்பை மாட்டினார். சரி செய்துகொள்ளாமலே படியிறங்கினார். பழப் பை அங்கேயே இருந்தது.

அக்கா பையைக் கவிழ்த்தாள். பத்து ஆரஞ்சு. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தாள். பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பைக்குள்ளேயே போட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

“மலையடி விடுதிங்களா? காலைல பேசினேன்ல… ஆமா, அந்தத் தலகாணிதான். வெள்ளி, சனி, ரெண்டு பேருக்கு ரூம் வேணும்… இல்ல, ஒண்ணும் கேக்கல. வர்றோம். அவ்வளவுதான்.”

ஜன்னலோரம் நின்ற கணவர் காபியை விழுங்க மறந்திருந்தார். “சூப்பு?”

“குடிக்கலனா செத்துட மாட்டேன்.”

“தலகாணி?”

“துண்டு இருக்கு.”

*

ரயிலில் அவள் ஜன்னலையே பார்த்து நின்றாள். வேகவைத்த உருளைக்கிழங்கு ஒரு டப்பா, வறுத்த கடலை ஒரு டப்பா, அண்ணன் வைத்துவிட்டுப் போன ஆரஞ்சுகள். இருக்கை ரெக்ஸின்தான். கணவர் தடவிப் பார்த்துச் சொன்னார். அவள் திரும்பவில்லை.

விடுதிக்கார அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். குண்டான, பயந்த முகம். சாயங்காலம் சூப்பைக் கொண்டுவந்து வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். “அந்த ஒரு துளி போடலம்மா.”

அக்கா கரண்டியால் கலக்கிப் பார்த்தாள். “கெட்டியாகறதுக்கு மாவு போட்டிருக்கீங்கல்ல, அத எதுல வறுத்தீங்க?”

“எண்ணெய்லதாம்மா. சத்தியமா. பாட்டிலக் கொண்டாந்து காட்டட்டுமா?”

“வேண்டாம்” என்று நின்றுகொண்டே குடித்தாள். முழுவதும் குடித்தாள். அறையில் தலையணை உறைகளுக்குள் பழைய போர்வைகளை மடித்துத் திணித்திருந்தார்கள். கல் மாதிரி இருந்தது. கணவர்தான் காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

காப்பகம் மேட்டில் இருந்தது. சேறு, வைக்கோல், தகரக் கூரைகள். நர்ஸம்மா ரப்பர் பூட்ஸோடு வந்தார். அதிகம் பேசாத, பார்வையாலேயே நாடி பிடிக்கிறவர். “பதினாலோட ஆளா? உள்ள வாங்க. இருக்கான்.”

இருந்தது. கொட்டகை மூலையில் வைக்கோல் மெத்தைமேல், வீங்கிய காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு. கொண்டை வெளிறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் மட்டும் அதே கண். அக்கா கிட்டே போய்க் கையை நீட்டினாள். பதினாலு ஒரு வினாடி யோசித்து, நறுக்கென்று கொத்தியது. கட்டைவிரலில். ரத்தம் ஒரு முத்து வந்தது.

“கொத்து” என்றாள் அக்கா. “நல்லாக் கொத்து. உனக்கு உரிமை இருக்கு.”

கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நர்ஸம்மா வாளியை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். அக்கா அவர்களைக் கவனிக்கவில்லை. சேவலோடு சண்டை போடும் குரலில் பேசினாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எல்லாரும் கேக்கறாங்கடா. தெரிஞ்சு போட்டியா, தெரியாம போட்டியானு. உனக்கு மட்டும் சொல்றேன். தெரியாமதான் போட்டேன். கை அசந்துபோச்சு. தெரிஞ்சிருந்தா இடது பக்கம்தான் போட்டிருப்பேன். மறு யோசனையே இருந்திருக்காது. நீ இப்ப இங்க உக்காந்து என்னக் கொத்திக்கிட்டு இருக்க மாட்ட. உன்னக் காப்பாத்தினவனு இவங்க வருஷா வருஷம் எனக்குப் படம் அனுப்பறாங்க. அந்தப் படத்த ஒட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுதுடா. நான் காப்பாத்தலடா உன்ன.”

பதினாலு தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு அவள் புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலைக் கொத்தி இழுத்தது. அவள் நகரவில்லை. அது நூலையும் சேர்த்து இழுத்தது. அப்போதும் நகரவில்லை.

நர்ஸம்மா எதுவும் கேட்காததுபோல வாளியோடு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் வாளி இல்லை. ஒரு மஞ்சள் குஞ்சு இருந்தது. “நேத்துக் காலைல பொரிச்சதுங்க. சாயங்காலம், பிரிக்காத குஞ்சுங்கள ஏத்திப் போன வண்டி கவுந்து ரோட்டுல கெடந்துச்சு ஒரு பெட்டி. யாரும் கேட்டு வரல. அறுவத்திரண்டு இருக்கு. புடிங்க, சூடு வேணும் இதுக்கு.”

அக்கா வாங்கினாள். வாங்கிய கணமே இடது உள்ளங்கை தானாகத் திரும்பியது. குஞ்சு கவிழ்ந்தது; கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில் போயிற்று; ரத்தம் கசியும் கட்டைவிரல் இறங்கியது. பாதியில் நின்றது.

நர்ஸம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன வருஷம்?”

“பத்தொம்பது.”

கொட்டகைக்குள் மாடு ஒன்று பெருமூச்சு விட்டது. வெளியே போகச் சொல்வார் என்று அக்கா முகத்தை இறுக்கிக்கொண்டாள். சொன்னால் திருப்பிச் சண்டை போட வேண்டாம், பேசாமல் போய்விடலாம் என்றுகூட முடிவு செய்தவள்போல நின்றாள்.

“சேவல் வேற கொட்டாய், பெட்டை வேற கொட்டாய் எங்களுக்கு” என்றார் நர்ஸம்மா. “வளந்தா சேவலுங்க அடிச்சுக்கும். எங்களுக்குப் பிரிக்கத் தெரியாது. கூவற வரைக்கும் காத்திருப்போம். அதுக்குள்ள நாலஞ்சு ரத்தக்காயம் ஆயிடும்.”

“நாளைக்குனா என்னாலயும் முடியாது. அந்த மேடு மறைஞ்சுடும். இன்னைக்குத்தான் தெரியும்.”

“அப்ப இன்னைக்குப் பிரிங்க.”

வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் அறுபத்திரண்டும் கீச்சிட்டுக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியை வைத்தார். அதன் இரண்டு பக்கமும் காலியான பிளாஸ்டிக் பெட்டி ஒவ்வொன்று. இடது ஒன்று, வலது ஒன்று. யார் வைத்தாலும் அப்படித்தான் வைப்பார்கள்.

“ரெண்டுமே கொட்டாய்க்குத்தான் போகும்” என்றார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. “இங்க பின்கட்டு கிடையாது.”

அக்கா இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவர், அவள் கத்தப்போகிறாள் என்று ஒரு அடி முன்னால் வந்தார். அவள் கத்தவில்லை. “சேவலுக்குக் கால்ல ஒரு நூல் கட்டி விடறேன். ஆனா எல்லாம் ஒரே பெட்டிலதான் போடுவேன். நூல் இருக்கா?” என்று கேட்டாள்.

நர்ஸம்மா பூட்ஸ் சத்தத்தோடு நூல் எடுக்கப் போனார்.

அக்கா இடது பக்கப் பெட்டியைக் காலால் இழுத்தாள். குப்புறக் கவிழ்த்தாள். ஒரு தட்டுத் தட்டி, ஆடுகிறதா என்று பார்த்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வலது பக்கப் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் நகர்த்திக்கொண்டு, முதல் குஞ்சுக்குக் கையை நீட்டினாள்.